போல்ட்டுக்கு ஒரு நிறம்

கடம்பஞ்சேரி,
மகாபலிபுரம் வழி.
30–10–1955

அன்புள்ள மச்சான் கோதண்டராமனுக்கு,

சடையப்பன் எழுதுவது. உன் அக்காள் பூவாயியும் நானும் சுகமாக இருக்கிறோம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கிணற்றில் தண்ணீர் மேல்படி வரை ஏறிவிட்டது. நீயும் வசந்தாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா என்று பதில் போடு.

பஸ் கண்டக்டர் ஏசுபாதத்திடம் ஒரு சின்ன துணிமூட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பது என் ரைபிளின் போல்ட்டு. லைசென்ஸ் நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சுற்றியிருக்கிறேன். உன் முதலாளி ராஜாராம் கேட்டால் காட்டு. ஆயுத பூஜைக்கு வைத்து எடுத்த பிறகு பார்த்தால் மேலே இருந்த கறுப்பு திட்டுத் திட்டாகப் போயிருக்கிறது. கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் துரு ஏறிவிடும்.

துப்பாக்கி ரிப்பேர் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாய். சொந்த மாமனுக்கு இதுவரை ஒரு ஸ்க்ரூகூடத் திருகிக் கொடுத்ததில்லை. இப்போது செய். பழையபடி கறுப்பே போடலாமா, வேறு என்னென்ன நிறம் உண்டு என்று எழுது. பட்டாளத்தில் இருபது வருஷம் சர்க்கார் கொடுத்த நிறத்திலேயே துப்பாக்கி தூக்கியாயிற்று. இது சொந்தத் துப்பாக்கி. என் இஷ்டத்துக்கு ஒரு நிறம் போட்டுப் பார்க்க ஆசை என்று வைத்துக்கொள்.

வயல் பக்கம் காட்டுப்பன்றி நடமாட்டம் இருக்கிறது. ஊர்க்காரர்கள், 'சடையப்பன்கிட்ட துப்பாக்கி கீது, நமக்கு இன்னா கவலை' என்று கால் நீட்டித் தூங்குகிறார்கள். போல்ட்டு இல்லாமல் துப்பாக்கி வெடிக்காதுதான், இருந்தாலும் உனக்கு அவசரம் வேண்டாம். நிதானமாகச் செய்.

ஆசீர்வாதத்துடன்,
சடையப்பன்


செங்கல்பட்டு,
6–11–1955

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

கோதண்டன் வணக்கம். இங்கே எனக்குக் குறைவில்லை. வசந்தாவுக்குத்தான் மூன்று நாளாகப் பல்வலி. வலி என்று வந்தாலும் வாய் மட்டும் ஓயவில்லை. அக்காளுக்கு முழங்கால் வலி தேவலையா?

போல்ட்டு வந்து சேர்ந்தது. ஏசுபாதம் அதைத் தன் சாப்பாட்டுத் தூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்ததில் ரசம் வாசனை அடிக்கிறது. மாமா, பழியைக் கடற்காற்றின்மேல் போடாதீர்கள். இது எலுமிச்சம்பழம் செய்த வேலை. அறுத்த பழம் ஒன்று இரண்டு நாளாவது இதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. புளிப்பு பட்டால் இரும்பின்மேல் போட்ட நிறம் உரிந்துபோகும்.

விஜயதசமி முடிந்ததும் எங்கள் கடைக்கு வருஷா வருஷம் இப்படி நாலைந்து வரும். சந்தனம், குங்குமம், பழம் எல்லாம் வைத்துவிட்டு, பூஜை கலைக்கும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது என்று விட்டுவிடுவார்கள். சாமி அவர்களுக்கு வரம் கொடுக்கிறதோ இல்லையோ, ராஜாராம் முதலாளிக்கு வேலை கொடுத்துவிடுகிறது. அக்காளிடம் சொல்லுங்கள், அடுத்த வருஷம் பக்தியைத் துப்பாக்கியின் மரக்கட்டையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

நிறத்துக்கு வருகிறேன். நீலக்கறுப்பு போடலாம். பழுப்பு போடலாம். நிக்கல் முலாம் பூசலாம். நிறமே இல்லாமல் வெறும் இரும்பில் சுழி சுழியாகப் பூப்போட்டு மெருகேற்றலாம், அதில் எண்ணெய் நன்றாகத் தங்கும். நாலு இரும்புப் பட்டையில் நாலையும் செய்து அனுப்புகிறேன். அடையாளத்துக்கு ஓரத்தில் அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வெட்டுப் போட்டிருக்கிறேன். எது எந்த வெட்டு என்று எழுத மாட்டேன். குறி தவறாத கண் உங்களுடையது. நன்றாகப் பார்த்து, மனசுக்குப் பிடித்த வெட்டைச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது. கடையில் லீவு இல்லை.

தங்கள் கீழ்ப்படிந்த,
கோதண்டராமன்


கடம்பஞ்சேரி,
17–11–1955

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம். தீபாவளிக்கு மழை விடவே இல்லை. வசந்தாவின் பல் எப்படி இருக்கிறது? கிராம்பை நசுக்கி வைக்கச் சொல்.

நாலு பட்டையையும் இரண்டு நாள் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு வெட்டு வழவழப்பு. வேர்த்த கையில் நழுவும். இரண்டு வெட்டு அதற்கு மேல். தொட்டால் கண்ணாடியைத் தொட்ட மாதிரி, சில்லென்று இருக்கிறது. நாலு வெட்டில் நகத்தை ஓட்டினால் சுழி தட்டுகிறது. வளையலுக்கு ஆகும், துப்பாக்கிக்கு எதற்கு? மூன்று வெட்டுதான் எனக்குப் பிடித்தது. எருமைக் கன்றின் முதுகு மாதிரி கைக்கு ஒட்டுகிறது. மழைமேகம் போல அந்த நீலக்கறுப்பும் அழகு. அதையே போடு.

எலுமிச்சம்பழ விஷயத்தில் உன் அக்காளைக் கேலி செய்ய வேண்டாம். பண்டிகை நாளில் கை தவறுவது சகஜம். அவளிடம் அந்தப் பேச்சையே எடுக்காதே.

இப்படிக்கு,
சடையப்பன்


செங்கல்பட்டு,
22–11–1955

அன்புள்ள மாமாவுக்கு,

கோதண்டன் வணக்கம். கிராம்பு வேலை செய்தது. வசந்தா உங்களுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறாள். ஏசுபாதம் திறந்து பார்க்காமல் இருந்தால் முழுசாக வந்து சேரும்.

ஆனால் மாமா, மூன்று வெட்டு பழுப்பு ஆயிற்றே. நீலக்கறுப்பு ஒரு வெட்டு. செம்மண்ணைப் பார்த்து மழைமேகம் என்கிறீர்களே. மதுவிலக்கு அமலில் இருக்கிற சீமையில் இப்படி ஒரு மயக்கம் எங்கிருந்து வந்தது? எழுத்து வேறு ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. நாலு வரிக்கு ஒரு பக்கம் போய்விட்டது, அதிலும் கடைசி வரி முந்தின வரியின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இருட்டில் எழுதினீர்களா?

இப்போது எதைப் போடட்டும்? உங்கள் கைக்குப் பிடித்த மூன்று வெட்டா, கண்ணுக்குப் பிடித்த நீலக்கறுப்பா? ஒரு வார்த்தை எழுதினால் போதும், வேலையை ஆரம்பித்துவிடுவேன். பத்து நாளில் முடிந்துவிடும்.

தங்கள்,
கோதண்டராமன்


கடம்பஞ்சேரி,
27–11–1955

தம்பி கோதண்டனுக்கு,

அக்கா பூவாயி எழுதுவது. நீயும் வசந்தாவும் சுகமாக இருக்க வேண்டும். அஞ்சாவது வரை படித்த எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதை உன் மாமாவுக்குத் தெரியாமல் ஏசுபாதம் கையில் கொடுக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடு. அவர் என்னிடம் சேர்த்துவிடுவார்.

நீ கேலியாக எழுதின கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவரால் இப்போது எழுத்தைப் படிக்க முடியாது. செம்மண், மழைமேகம் என்று நான் படித்ததும் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து, 'பழுப்பே இருக்கட்டும்னு எழுது' என்றார். அதை அவர் பேரில் தனியாக ஒரு கார்டில் எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன்.

போன பங்குனியிலிருந்தே அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. கண்பாப்பாவில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. ஆட்களைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். கேட்டால் தூசு என்கிறார். எட்டு மாசமாக ஒரு தூசு கண்ணில் இருக்குமா தம்பி? ஊரில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்கழியில் நெல் முற்றும். பன்றி இறங்கும். ஊரார் வந்து கூப்பிடுவார்கள், இவரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவார். வயலில் பன்றி மட்டுமா இருக்கிறது? விடியற்காலத்தில் ஆள், மாடு, பொம்பளை என்று எல்லாம் நடக்கிற இடம். அதற்கு மேலும் ஒன்று உண்டு, அதை நான் எழுத்தில் வைக்க மாட்டேன்.

போல்ட்டை அனுப்பாதே. அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லாதே. அப்படிச் சொன்னால் மனுஷர் உடைந்துவிடுவார். ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே போ. போல்ட்டு இல்லாத துப்பாக்கி வெறும் தடிதானே.

இன்னொன்று. எலுமிச்சம்பழத்தை நான் வைக்கவில்லை. கட்டைக்குச் சந்தனம், குங்குமம் வைத்ததோடு சரி. போல்ட்டைக் கழற்றித் தனியாக மணையில் வைத்தது உன் மாமா.

உன் அக்கா,
பூவாயி


செங்கல்பட்டு,
1–12–1955

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நீ எழுதினதைப் படித்துவிட்டு அன்று கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. பூசணிக்காய் எழுத்து என்று எழுதினேனே, அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும்.

நீ சொன்னபடியே செய்கிறேன். ஆனால் நேரில் வர மாட்டேன். மாமா முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய் வராது. சின்ன வயசில் உன் சீர்ப் பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டு அவர் எதிரில் நின்று அழுதவன் நான். கடிதம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகுவேன்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி யோசித்தேன். தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் துப்பாக்கிக்கு எண்ணெய் போட மறக்காத மனுஷர் அவர். புளிப்பு பட்டால் என்ன ஆகும் என்று பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவருக்குத் தெரியாதா? அக்கா, அது அவராகச் செய்தது. அந்தப் போல்ட்டு வீட்டில் இருப்பது அவருக்கே பயமாக இருந்திருக்கிறது. வெளியே சொல்ல வாய் வராமல் என்னிடம் அனுப்பியிருக்கிறார். அப்படியானால் நான் சொல்கிற பொய்யை அவர் விரும்பியே கேட்டுக்கொள்வார்.

அது கண்புரையாகத்தான் இருக்கும். எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் அதை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். எங்கள் முதலாளியின் அப்பா போன வருஷம் போய் வந்து, இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். நல்ல நேரம் பார்த்து மாமா காதில் போடு.

உன் தம்பி,
கோதண்டன்


செங்கல்பட்டு,
2–12–1955

அன்புள்ள மாமாவுக்கு,

கோதண்டன் வணக்கம். நாங்கள் சௌக்கியம். அங்கே காற்றும் மழையும் பலமா?

பழுப்பு என்றே முடிவு செய்தது நல்லது. ஆனால் ஒரு சங்கடம். பழுப்பு என்பது மருந்து தடவி, காயவைத்து, தேய்த்து, திரும்பவும் தடவி, இப்படிப் பத்துத் தடவை செய்து கொண்டுவர வேண்டிய நிறம். இந்த மழை ஈரத்தில் அது பிடிக்காது. நல்ல வெயில் வேண்டும். தை பிறந்தால்தான் கையே வைக்க முடியும் போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளக் கூடாது.

தங்கள்,
கோதண்டராமன்


கடம்பஞ்சேரி,
9–12–1955

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக இருக்கிறோம். கட்டைவிரலில் முள் குத்தியிருப்பதால் நான் சொல்ல உன் அக்காள் எழுதுகிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் பட்டாளத்தில் ஆயுதம் பார்க்கிற நாயர் ஒருவர் இருந்தார். பழுப்புக்கு மழைக்காலம்தான் ராசி, ஈரம் இருந்தால்தான் அழகாகப் பிடிக்கும் என்பார். உங்கள் செங்கல்பட்டு மழை வேறு ரகமாக இருக்கும். தொழில் தெரிந்தவன் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தை வரை ஆகட்டும்.

டிசம்பர் 31-ஆம் தேதியோடு லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் துப்பாக்கியை முழுசாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வயல்கார எல்லப்பனின் நெல்லைக் கால் காணி அளவுக்குப் பன்றி சாய்த்துவிட்டது. 'இன்னா அண்ணாத்த, எப்பத்தான் வரும் உன் போல்ட்டு' என்று தினமும் வந்து நிற்கிறான். எல்லாம் என் மச்சான் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஊர்ச் சாபமெல்லாம் உன் தலைக்குத்தான் வரும், எண்ணெய் தேய்த்துக் குளி.

இப்படிக்கு,
சடையப்பன்


செங்கல்பட்டு,
19–12–1955

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. போல்ட்டு என் கையை விட்டுப் போய்விட்டது.

தப்பு என்னுடையது. அனுப்பக் கூடாத பொருளைப் பெட்டியில் சும்மா போட்டு வைத்திருக்க வேண்டியவன், மழைநாளாயிற்றே, பழுப்பு நன்றாகப் பிடிக்குமே என்று ஒரு கை தடவிப் பார்த்தேன். அருமையாகப் பிடித்தது. பாதியில் விட மனசு வரவில்லை. பத்துக் கையும் போட்டு முடித்து, எண்ணெய் தடவி, பெட்டியில் ஒளித்து வைத்தேன். பதினோரு வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் ஒன்றும் செய்ததில்லை. வேலைக்காரன் புத்தி அக்கா, வேறு என்ன சொல்ல.

நேற்று வசந்தாவைப் பல் பிடுங்க அழைத்துக்கொண்டு போயிருந்தேன். முதலாளி ஏதோ அரம் தேடிப் பெட்டியைத் திறந்திருக்கிறார். 'முடிஞ்ச வேலைய இன்னாத்துக்குப் பூட்டி வச்சிகினு கீறான்' என்று அப்போதே ஏசுபாதத்தைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரியும்போது பஸ் போய்விட்டது.

இந்தக் கடிதம் முந்திக்கொண்டால் போல்ட்டை வாங்கி ஒளித்து வை.

கோதண்டன்


கடம்பஞ்சேரி,
22–12–1955

தம்பிக்கு,

போல்ட்டுதான் முந்தியது. ஏசுபாதம் அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். 'உன் தம்பிக்கு நல்ல கைடி' என்றார். பிறகு துப்பாக்கியில் மாட்டி முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து எழுந்து வந்தேன். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன், எண்ணெய்த் துணியைக் கொண்டுவா என்றார்.

நாளை விடியற்காலம் வயலுக்கு வரச் சொல்லி எல்லப்பன் கேட்டிருக்கிறான். சரி என்றிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது கோதண்டா.

பூவாயி


செங்கல்பட்டு,
28–12–1955

அன்புள்ள மாமாவுக்கு,

கோதண்டன் வணக்கம். ஆறு நாளாக அங்கிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஏசுபாதத்தைக் கேட்டால், 'எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவர் எல்லாரையும் கண்ணால் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மாமா, நான் பொய் சொன்னேன். மழையில் பழுப்பு பிடிக்காது என்றது பொய். தை பிறக்க வேண்டும் என்றதும் பொய். உங்கள் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், யோசித்தால் உங்களுக்கே தெரியும். உங்களை ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. உங்கள் கையால் ஒருவருக்கு ஏதாவது நடந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் சாப்பிட மாட்டீர்கள், தூங்க மாட்டீர்கள். எனக்கு அது தெரியும்.

போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். என்னோடு பேசாமல் இருப்பதாக இருந்தாலும் இருங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் வேலை போனாலும் சரி என்று நேரில் வந்து நிற்பேன்.

தங்கள்,
கோதண்டன்


கடம்பஞ்சேரி,
3–1–1956

அன்புள்ள மச்சானுக்கு,

சடையப்பன் சொல்ல உன் அக்காள் எழுதுவது. கட்டைவிரலில் முள் ஒன்றும் இல்லை. போன மாசமும் இல்லை. எனக்கு எழுத்து தெரியவில்லை. இங்கே யாருக்கும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை, முதலில் அதைத் தெரிந்துகொண்டு மூச்சு விடு.

உன்மேல் கோபம் இல்லை. மழையில் பழுப்பு பிடிக்காது என்று நீ எழுதிய அன்றைக்குத்தான் நான் பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். சோம்பேறி மச்சான் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் நீ சோம்பேறியும் இல்லை.

புரட்டாசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் விடியற்காலம், தூறல். கடலை வயலில் கறுப்பாக ஒன்று குனிந்து கிளறிக்கொண்டிருந்தது. பன்றி என்று குறி வைத்தேன். விரல் விசையில் இருந்தது. அப்போது அது இருமியது. பன்றி இருமாது. துப்பாக்கியை இறக்கினேன். அது நிமிர்ந்து நடந்து போனது. நடையைப் பார்த்த பிறகுதான் எல்லப்பன் பெண்சாதி அம்சா என்று தெரிந்தது. மழைக்குக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு புல் அறுத்திருக்கிறாள். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் துப்பாக்கி போகும், துப்பாக்கி போனால் சடையப்பன் குருடன் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் அடுத்த தடவை இருமல் வராத ஒருத்தி வந்து நிற்பாள். அதனால்தான் உன்னிடம் அனுப்பி நிறம் கேட்டது.

உன் முதலாளி புண்ணியத்தில் அது திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளச் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கு விடியற்காலம் எல்லப்பன் வந்து கூப்பிட்டான். துப்பாக்கியோடு போனேன். வரப்பில் ஏறியதும் போல்ட்டைக் கழற்றி அவன் கையில் வைத்து, 'எனக்குக் கண்ணு தெரியல எல்லப்பா, சுட முடியாது' என்றேன். அம்சாவையும் வரச் சொல்லி, புரட்டாசியில் நடந்ததை அவள் எதிரிலேயே சொன்னேன்.

அவள், 'தெரியும் அண்ணாத்த' என்றாள். 'நீ குறி வச்சிகினு நின்னதப் பாத்துட்டுத்தான் இருமினேன்.'

ஏன் கத்தவில்லை என்று கேட்டேன்.

'கத்தினா ஊரு கூடிடும். உன் பேரு கெட்டுப்பூடும். இருமினா உனக்கு மட்டுந்தான கேக்கும்.'

மச்சான், அன்று முதல் என் வயல் பக்கம் வருகிற அத்தனை பேரும் இருமிக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். அம்சா சொல்லி வைத்திருக்கிறாள். எல்லப்பன் போல்ட்டைக் கேட்டதும் வயலுக்குக் கூப்பிட்டதும்கூட எனக்குச் சந்தேகம் வரக் கூடாதென்றுதானாம். போல்ட்டு உன்னிடம் போன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஊரெல்லாம் சளி பிடித்திருக்கிறது என்று நான் உன் அக்காளைக் கஷாயம் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். அவளும் சுக்கு தட்டிப் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்களும் வாங்கிக் குடித்தார்கள்.

'அண்ணிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டனே' என்றாள் அம்சா. கஷாயம் போட்டவளுக்கும் எல்லாம் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து நாலு நாள் உன் அக்காளோடு பேசவில்லை. வெட்கம். உனக்குப் பதில் வராததற்கும் அதுதான் காரணம். இப்போது இதைச் சொல்லும்போது பேனா நின்றுவிட்டது, எனக்குக் கேட்கிறது.

(நின்றது உண்மைதான் தம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். – பூவாயி)

31-ஆம் தேதி துப்பாக்கியை மகாபலிபுரம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். ரைட்டர் நல்ல மாதிரி. 'வயசாகிவிட்டதால் ஒப்படைக்கிறார் என்று எழுதட்டுமா' என்று கேட்டார். கண் தெரியவில்லை என்றே எழுதுங்கள் என்றேன். போல்ட்டைப் பார்த்து, யார் செய்த வேலை என்று கேட்டார். என் மச்சான் என்றேன். நிறம் எப்படி இருக்கிறது என்று நான் அவரைக் கேட்டேன். 'புது வெல்லம் மாதிரி கீதுங்க' என்றார். அதைக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். பன்றியை இப்போது எல்லப்பனும் மற்றவர்களும் தகர டப்பாவைத் தட்டி விரட்டுகிறார்கள். ராத்திரி தூக்கம் ஊருக்கே இல்லை, ஆனால் பயமும் இல்லை.

எழும்பூர் போகச் சம்மதம். பொங்கல் கழிந்து புதன்கிழமை, 18-ஆம் தேதி, ஏசுபாதத்தின் முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் வருகிறோம். அங்கிருந்து ரயிலுக்கு நீதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதலாளியிடம் லீவு கேட்டு வை. வசந்தாவை விசாரித்ததாகச் சொல்.

பஸ் நிற்கிற இடத்திலேயே இரு. அந்தக் கூட்டத்தில் நான் உன்னைக் கண்டுபிடிக்க மாட்டேன். நீதான் மாமா என்று கூப்பிட வேண்டும். சத்தமாகவே கூப்பிடு, யார் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை.

சடையப்பன்